எழுதா ஏடுகள்: இல்லத்து மகளிரின் மருத்துவ அறிவு

முன்னுரை

மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில், நோயுற்றவரின் பக்கத்தில் முதலில் வந்து அமர்ந்தவர் வீட்டின் மூத்த பெண்மணியே ஆவார். அவர் பட்டம் பெற்றவர் அல்லர். நாடி பார்த்துக் கூலி பெற்றவரும் அல்லர். ஆயினும் பிறந்த குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கும், பேறுற்ற மகளின் சோர்வுக்கும், காட்டில் உழைத்தவரின் கால் வெடிப்புக்கும் முதல் மருந்து அவர் கையிலிருந்தே பிறந்தது. தமிழ் மருத்துவ வரலாற்றைப் பேசுவோர் சித்தர்களைப் போற்றுகின்றனர். வைத்தியர் குடும்பங்களையும் ஹக்கீம்களையும் நினைவு கூர்கின்றனர். அடுக்களையில் உரைகல்லோடு அமர்ந்திருந்த இப்பெண்மணியோ அவ்வரலாற்றில் பெயரின்றியே நிற்கிறார்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டார இல்லங்களில் வழங்கிவந்த கைவைத்தியத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் அறிவை அதனோடு ஒத்த பிறிதொன்றின் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் நிறையும் குறையும் விளங்கும். ஆதலின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டு இல்லத்தரசியர் எழுதிவைத்த மருத்துவக் குறிப்பேடுகள் ஈண்டு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரு நாட்டுப் பெண்டிரும் செய்த பணி ஏறத்தாழ ஒன்றே. அவர்கள் எழுதினர், நம்மவர் எழுதவில்லை. இவ்வொரு வேறுபாட்டால் விளைந்தவை யாவை என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

இங்கிலாந்து இல்லங்களின் குறிப்பேடுகள்

இலண்டனில் அரச மருத்துவர் கழகம் 1518இல் நிறுவப்பட்டது. கழகத்தின் இசைவு பெற்ற மருத்துவர் சிலரே. அவர்கள் பெற்ற ஊதியம் எளியோரால் கொடுக்க இயலாதது. நாட்டுப்புறங்களில் நோய் தீர்க்கும் பொறுப்பு இல்லத்தரசியர் மீதே விழுந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1540களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மூலிகைகளின் தன்மை அறிந்தோர் கட்டி, புண் போன்றவற்றுக்கு மருந்திடுவதைத் தண்டனைக்கு உரியதாகக் கருதலாகாது என்று இடமளித்தது. பெரிய மாளிகைகளில் மருந்து நீர் வடிப்பதற்கென்றே வாலை வைத்த தனியறை இருந்தது. அவ்வறையின் தலைவி அவ்வீட்டின் தலைவியே.

யார்க்‌ஷயர் பகுதியில் வாழ்ந்த மார்கரெட் ஹோபி என்னும் சீமாட்டி 1599 முதல் 1605 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. இறைவணக்கம், நூல் வாசிப்பு, வீட்டுப்பணி ஆகியவற்றுக்கிடையே, தம்மை நாடி வந்த ஏழையரின் புண்களைக் கழுவிக் கட்டியதை அவர் நாள்தோறும் குறித்துள்ளார். 1620இல் மறைந்த கிரேஸ் மில்ட்மே என்பவர் தம் மருத்துவ அனுபவங்களைப் பெருந்தொகையான தாள்களில் எழுதி மகளுக்கு விட்டுச் சென்றார். ஆன் ஃபேன்ஷா சீமாட்டியின் குறிப்பேடு 1651இல் தொடங்கப்பட்டது. அது பின்னர் அவருடைய மகளின் கைக்குச் சென்றது. இப்போது இலண்டன் வெல்கம் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கென்ட் பகுதிச் சீமாட்டி எலிசபெத் கிரே திரட்டிய மருந்து முறைகள் அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1653இல், அச்சேறிப் பல பதிப்புகள் கண்டன.

இக்குறிப்பேடுகளின் அமைப்பில் மூன்று சிறப்புகள் உள்ளன. முதலாவது, மருந்தைச் சொன்னவர் பெயர். இன்ன உறவினர் தந்தது, இன்ன மருத்துவர் கூறியது, இன்ன பணிப்பெண் காட்டியது என்று குறிப்பின் தலையிலேயே எழுதினர். இரண்டாவது, பொருளும் அளவும் செய்முறையும் வரிசைப்பட அமைந்தமை. மூன்றாவது, தீர்ப்பு. பயன் கண்ட மருந்தின் அடியில் ‘சோதித்து அறியப்பட்டது’ என்னும் பொருளுடைய ‘புரொபாட்டும் எஸ்ட்’ என்ற இலத்தீன் தொடரை எழுதினர். பயனற்றதைக் கோடிட்டு அடித்தனர். தாய் எழுதியதன் ஓரத்தில் மகள் வேறு மையால் திருத்தம் எழுதினாள். எனவே அக்குறிப்பேடு, தலைமுறைதோறும் சோதித்துத் திருத்தப்பட்டு வளர்ந்த நூலாயிற்று.

அக்குறிப்புகள் அனைத்தும் சிறந்தவை என்று கருதிவிடலாகாது. நத்தைகளையும் மண்புழுக்களையும் சேர்த்து வடித்த நீரை எலும்புருக்கி நோய்க்கு மருந்தெனக் கொடுத்தவர்கள் அவர்கள். அக்காலத்து அறிவின் எல்லைக்குள் நின்றே அவர்கள் செயற்பட்டனர். ஆனால் அவர்களின் சரியும் பிழையும் எழுத்தில் உள்ளன. ஆகவே அவற்றை இன்று நாம் எடைபோட முடிகிறது.

வானம் பார்த்த சீமையின் மருந்துப்பெட்டி

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருச்சுழி குண்டாற்றங்கரையில் அமைந்த பழமையான ஊர். 1985இல் விருதுநகர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் காயும் நாள்களே மிகுதி. கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் சீமை இது. பசுமை குறைந்த இந்நிலத்தில் மருந்துக்கும் பஞ்சம் இருந்திருக்கும் என்று வெளியார் எண்ணக்கூடும். உண்மை வேறு. கண்மாய்க் கரையும் தரிசு நிலமும் வேலிப்புறமும் இல்லத்து மகளிரின் மூலிகைத் தோட்டங்களாக விளங்கின.

இவ்வட்டாரக் கைவைத்தியத்தின் பொருள்களை வேலி மருந்து, கடை மருந்து என இரண்டாகப் பகுக்கலாம். வேலி மருந்து காசின்றிக் கிடைப்பது. இருமலுக்கும் சளிக்கும் ஆடாதொடை, தலைக்கனத்துக்கு நொச்சி இலையிட்டு வேது பிடித்தல், குழந்தையின் மாந்தத்துக்கு வேலிப்பருத்தி, சொறி சிரங்குக்குக் குப்பைமேனி, மூலத்துக்குத் துத்தி, பசியின்மைக்குப் பிரண்டைத் துவையல், காமாலைக்குக் கீழாநெல்லி, உடற்சூட்டுக்கு ஆவாரம்பூ. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு அணுகாது என்னும் பொருள்படப் பழமொழியே வழங்குகிறது. கோடையிலும் பொன்போல் பூத்து நிற்கும் அச்செடியின்மீது வறண்ட நிலத்து மக்கள் கொண்ட நம்பிக்கையை அப்பழமொழி உணர்த்தும்.

கடை மருந்து என்பது நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு முதலியன இவ்வகையின. இவற்றுள் அன்றாடம் வேண்டியவை அஞ்சறைப்பெட்டியில் இடம் பெற்றன. சமையலுக்குரிய பெட்டியே மருந்துக்குரிய பெட்டியாகவும் இருந்தமையால், உணவுக்கும் மருந்துக்கும் இடையே இம்மகளிர் எல்லைக்கோடு இட்டதில்லை. இரசத்தில் இட்ட மிளகே காய்ச்சலில் கசாயமாயிற்று. முஸ்லிம் இல்லங்களில் கருஞ்சீரகத்துக்குத் தனிமதிப்பு உண்டு. நபிமொழியில் சிறப்பித்துக் கூறப்பட்ட பொருள் என்பதனால் அது பேறுகால மருந்திலும் பொடிகளிலும் தவறாது சேர்ந்தது. ஆயினும் பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணியின் மருந்துக்கும் இவ்வீட்டு மருந்துக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. ஒரே வேலியில் பறித்து, ஒரே கடையில் வாங்கி, ஒருவரை ஒருவர் கேட்டே இரு வீட்டாரும் மருந்து செய்தனர்.

அளவும் பதமும் பத்தியமும்

எழுத்தில் இல்லாத காரணத்தால் இவ்வறிவு ஒழுங்கற்றது என்று கூறுதல் தவறாகும். இதற்கென அளவைகள் உண்டு. மூன்று விரல்களால் எடுப்பது திரிகடி. உருண்டையாக்கிக் கொடுக்க வேண்டுமாயின் சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு எனச் சொல்வர். கசாயம் எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும் என்பர். சித்த மருத்துவ நூல்கள் கூறும் குன்றிமணி எடை இன்றைய கணக்கில் சுமார் 130 மில்லிகிராம். வராகன் எடை சுமார் 4.2 கிராம், பலம் சுமார் 35 கிராம். மருத்துவர் தராசில் நிறுத்தார்; இல்லத்தரசி விரலில் நிறுத்தாள்.

அளவினும் நுண்ணியது பதம். எண்ணெய் காய்ச்சும்போது அடியில் படியும் கசடு மெழுகு போன்றிருந்தால் மெழுகு பதம். கடுகு போலத் திரண்டால் கடுகு பதம். மணல்போல் உதிர்ந்தால் மணல் பதம். இதனை விரலால் உருட்டிப் பார்த்தே அறிய வேண்டும். அடுத்தது பத்தியம். மருந்துண்ணும் நாளில் உண்ணத்தக்கது எது, விலக்கத்தக்கது எது என்பதை உரைப்பது அது. மருந்தும் அளவும் பதமும் பத்தியமும் கூடினால்தான் ஒரு முறை முழுமை பெறும். இவற்றுள் ஒன்று தவறினும் மருந்து பயன்தராது. சிலவேளை தீங்கும் செய்யும்.

ஆங்கில மகளிர் எழுதிய ‘சோதித்து அறியப்பட்டது’ என்னும் தொடருக்கு நேரான சொல் நம்மிடமும் உண்டு. ‘கைகண்ட மருந்து’ என்பதே அது. பிறர் சொல்லக் கேட்டதன்று, நூலில் கண்டதுமன்று. தன் கையால் கொடுத்துப் பயன் கண்டது என்பது அதன் பொருள். ‘எங்கள் வீட்டில் கைகண்டது’ என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது அவர் சான்றளிக்கிறார். சொல்லில் நின்ற அச்சான்று எழுத்தில் ஏறவில்லை.

இங்கு என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். என் நன்னி இடித்த பேறுகால மருந்துக்கு எங்கள் தெருவில் நற்பெயர் இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டார் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்து, மருந்தை வாங்கிச் செல்வர். அவர் மறைந்தபின் என் தமக்கையின் பேற்றின்போது அம்மருந்தைச் செய்ய முயன்றோம். சரக்குகளின் பெயர்கள் என் தாயாருக்குத் தெரிந்திருந்தன. அளவு தெரியவில்லை, எதை வறுப்பது, எதைப் பச்சையாக இடிப்பது என்பதும் தெரியவில்லை. ‘நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் ஒருநாளும் கேட்டதில்லை’ என்று அவர் வருந்தினார். இவ்வருத்தம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் படிப்போர் உணர்வர்.

ஏட்டில் ஏறியவையும் ஏறாதவையும்

தமிழில் மருத்துவ எழுத்தே இல்லாமையால் இந்நிலை நேர்ந்ததா எனின், இல்லை. சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவச் சுவடிகள் எண்ணற்றவை. இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று இசுலாத்தைத் தழுவி யாக்கோபு என்னும் பெயர் பெற்றார் என்பது சித்தர் மரபு கூறும் செய்தி. அப்பெயராலும் மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் நிலையத்தில் பல்வகை மருத்துவ முறைகளையும் நோயாளரிடம் பயன்படுத்திப் பார்க்கச் செய்து, பயன் கண்டவற்றை எழுதிவைக்கச் செய்தார். அவை ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலக வெளியீடுகளாக வந்துள்ளன. ஹக்கீம் பா. முகம்மது அப்துல்லா சாயபு எழுதிய ‘அனுபோக வைத்திய நவநீதம்’ பத்துப் பாகங்கள் கொண்டது; நாட்டு மருத்துவர் பலருக்கும் கைந்நூலாகப் பயன்பட்டது. நூற்பெயரில் உள்ள ‘அனுபோகம்’ என்னும் சொல்லும் கைகண்ட முறை என்பதையே குறிக்கிறது.

சென்னை அரசு 1921இல் முகம்மது உசுமான் தலைமையில் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழு அமைத்தது. அக்குழு 1923இல் அறிக்கை அளித்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி என்னும் மூன்று முறைகளுக்கும் அரசின் ஏற்பைப் பெற அவ்வறிக்கை வழிகோலியது. ஆராய்ச்சிக்குப் பொருளாக அமைந்தவை நூல்வழி வந்த முறைகளே. அடுக்களை மருத்துவத்துக்கு நூலும் இல்லை, முறை என்னும் பெயரும் இல்லை.

இங்கே ஒரு விலக்கைக் கருத வேண்டும். தமிழக முஸ்லிம்களிடையே, அரபு எழுத்தால் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபு பல நூற்றாண்டுகள் வழங்கியது. திருமறை ஓதப் பழகிய பெண்டிர், அவ்வெழுத்தைக் கொண்டே தமிழையும் படித்தனர். மாலைகளையும் சமயச் சட்ட நூல்களையும் அவ்வழியே கற்றனர். தமிழெழுத்து அறியாத மூதாட்டியர் பலர் எழுத்தறிவே இல்லாதவர் அல்லர் என்பதை இதனால் அறிகிறோம். ஆகவே நம் முன்னோர் வீட்டுப் பழைய கிதாபுகளின் ஓரங்களையும் வெற்றுத்தாள்களையும் நாம் புரட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த நாளும் கடன் கொடுத்த கணக்கும் எழுதிய கை, மருந்தின் அளவையும் அங்கே எழுதியிருக்கக்கூடும்.

எழுதாமையால் வரும் இழப்பு

எழுதாத அறிவுக்கு நேரும் இழப்புகளை மூன்று நிகழ்ச்சிகளால் விளக்கலாம்.

முதலாவது, அறிந்தவர் பெயர் மறைதல். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் என்பாரிடம் 1775இல் நீர்வீக்கத்துக்குரிய ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். ஷ்ரோப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி மறைவாகக் காத்துவந்த முறை அது. இருபதுக்குக் குறையாத மூலிகைகள் அதில் இருந்தன. அவற்றுள் பயன்தருவது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே எனக் கண்ட விதரிங், பத்தாண்டுகள் ஆய்ந்து 1785இல் நூலாக வெளியிட்டார். இதய நோய்க்கு அச்செடிக் குடும்பத்திலிருந்து பெறும் மருந்து இன்றும் பயன்படுகிறது. விதரிங் பெயரை மருத்துவ உலகம் அறியும். அம்மூதாட்டியின் பெயரோ அவர் நூலில் இல்லை. எழுதும் வழக்கம் மிகுந்த நாட்டிலேயே எழுதாத பெண்ணுக்கு நேர்ந்த நிலை இது.

இரண்டாவது இதற்கு மாறானது. மேரி உவொர்ட்லி மாண்டேகு என்னும் ஆங்கிலச் சீமாட்டி, துருக்கி நாட்டில் தூதராக இருந்த கணவருடன் வாழ்ந்தபோது, அந்நாட்டு மூதாட்டியர் அம்மைப்பால் குத்தி வைசூரியைத் தடுப்பதைக் கண்டார். 1717இல் கடிதம் ஒன்றில் அதனை விரிவாக எழுதினார். தம் மகனுக்கு அங்கேயே குத்தச் செய்தார். 1721இல் இலண்டனில் வைசூரி பரவியபோது மகளுக்கும் குத்தச் செய்தார். இங்கிலாந்தில் அம்முறை பரவ அவர் முயற்சி பெரிதும் துணைசெய்தது. துருக்கிப் பெண்டிரின் கையறிவு ஓர் எழுத்தால் கடல் கடந்தது.

மூன்றாவது நம்மை நேரே தொடுவது. மஞ்சள்தூளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. கால் இடறிய சிறுவனுக்கு மஞ்சள் அப்பாத தாய் நம் நாட்டில் உண்டோ? ஆனால் அந்நாட்டில் அப்போதிருந்த சட்டப்படி, பிற நாட்டில் வாய்மொழியாக வழங்கிய அறிவும் பயன்பாடும் சான்றாகா. அச்சில் வந்ததே சான்றாகும். நம் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் 1996இல் மறுப்பு மனு அளித்தது. சமற்கிருதம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் இருந்த பழைய சான்றுகளையும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வெளிவந்த கட்டுரையையும் முன்வைத்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை நீக்கப்பட்டது. மஞ்சளைக் காத்தவை எழுத்துச் சான்றுகளே. கோடிக்கணக்கான தாய்மார் கைகளில் இருந்த மஞ்சள் வழக்கில் சாட்சி சொல்ல இயலவில்லை. அச்சட்டம் 2011இல் திருத்தப்பட்டு 2013 முதல் நிலைமை மாறியது எனினும், வாய்மொழி அறிவை மெய்ப்பிப்பதில் எழுத்தின் தேவை குறைந்துவிடவில்லை.

இவ்வழக்கின் பின் 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. தமிழிலுள்ள சித்த மருத்துவ நூற்செய்திகளும் அதில் இடம்பெற்றுள்ளன. நூலில் உள்ளதே அந்நூலகத்தில் ஏறும். நம் நன்னிமாரும் பாட்டிமாரும் அறிந்ததோ நூலில் இல்லை.

எழுதினால்தான் திருத்தவும் முடியும்

பழமையைப் போற்றுவது வேறு; பழமையில் கண்மூடி நிற்பது வேறு. எழுத்தின் இரண்டாம் பயன், பிழையைக் கண்டறிய உதவுவது.

கீழாநெல்லியைச் சான்றாகக் கொள்வோம். கல்லீரல் அழற்சி ‘பி’ நச்சுயிரியை நெடுநாள் உடலில் தாங்கியிருப்போர்க்கு அதனைக் கொடுத்துச் சென்னையில் நடத்திய ஆய்வு, 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. மருந்தற்ற போலிக் குளிகை உண்ட 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. உலகம் வியந்தது. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. இதனால் கீழாநெல்லி பொய்த்தது என்பதன்று. எந்தச் செடி, எந்தப் பருவம், எவ்வளவு, எந்நோய்க்கு என்பன துல்லியமாக அறியப்பட வேண்டும் என்பதே பாடம். காமாலை என்னும் ஒரு பெயரால் நாம் அழைப்பது பல நோய்களின் அடையாளம் ஆகும். ஆடாதொடையிலோ வேறு விளைவு கண்டனர். அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவானதே, சளியை இளக்க இன்று மருத்துவர் எழுதித்தரும் புரோம்எக்சின்.

வசம்பு இன்னும் கருதத்தக்கது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற அதனைச் சுட்டு உரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதிலுள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்குகளிடம் நடத்திய ஆய்வில் தீங்கு விளைத்தமையால், அமெரிக்க அரசு 1968இல் அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பிறந்த ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குக் கேடு என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். பாட்டி அன்று அறிந்தவரை அன்போடு செய்தார். இன்று நாம் அறிந்தும் அதனையே செய்தல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆங்கிலத் தாயின் குறிப்பேட்டில் மகள் கோடிட்டு அடித்ததுபோல், நாமும் அடிக்க வேண்டியதை அடிக்க வேண்டும். அதற்கு முதலில் குறிப்பு இருக்க வேண்டும்.

மாணவர் செய்யத்தக்க பணி

மாணவச் செல்வங்களே! இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் ஒரு விடுமுறையும் போதும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூதாட்டியரிடம் அமர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் கீழ்க்காண்பவற்றைத் தவறாது எழுதுங்கள்.

1. சொன்னவர் யார், அவர் யாரிடம் கற்றார்.

2. மூலிகையின் ஊர்வழக்குப் பெயர். இயன்றால் இலை, பூ, காய் மூன்றையும் காட்டும் படம். ஒரே பெயரால் இரு செடிகளும் ஒரே செடிக்கு இரு பெயர்களும் வழங்குவதால் இது மிக இன்றியமையாதது.

3. எப்பகுதி, எப்பருவத்தில் எடுப்பது.

4. அளவு. அவர் ‘திரிகடி’ என்றால் அச்சொல்லையே எழுதி, அவர் கையால் எடுக்கச் செய்து நிறுத்து, கிராம் அளவையும் அருகில் குறியுங்கள்.

5. செய்முறையும் பதமும்.

6. பத்தியம், யாருக்குக் கொடுக்கலாகாது என்பது.

7. கைகண்ட பயன், அதனினும் சிறப்பாக, பயன்படாது போன நிகழ்ச்சி. ‘எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?’ என்று தவறாது கேளுங்கள். நல்ல கைவைத்தியம் அறிந்தவர் தம் எல்லையையும் அறிந்திருப்பார்.

அவர் சொல்லும் சொல்லை மாற்றாது எழுதுங்கள். கரிசல் மண்ணின் மருந்துச் சொற்கள் அகராதியில் ஏறாமல் மறைந்துவருகின்றன. அவற்றைக் காப்பது தமிழ்த்துறை மாணவரின் தனிக்கடமை. தாவரவியல் துறை நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். செடியை அவர் இனங்காண்பார். எழுதியதை உடனே உண்டு பார்க்கவோ பிறர்க்குக் கொடுக்கவோ முற்படாதீர்கள். திரட்டுவது உங்கள் பணி. சோதிப்பது அதற்குரிய அறிஞர் பணி.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகளில் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் உயிரியற் பன்மைப் பதிவேடு எழுதப்பட வேண்டும். ஊரின் செடி கொடிகளோடு அவற்றைப் பற்றிய மரபறிவும் அப்பதிவேட்டுக்கு உரியது. நம் ஊர்ப் பதிவேட்டில் பெண்டிரின் அறிவும், அவர்கள் இசைந்தால் அவர்கள் பெயரும், இடம்பெறச் செய்வது ஊர்ப் பெரியோரால் இயலும். அவர்கள் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. வேலிப்புறங்களைச் சீமைக்கருவேல் மூடிவரும் இந்நாளில், செடியைக் காட்டித் தரவல்ல கண்களும் குறைந்து வருகின்றன என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

நிறைவுரை

இங்கிலாந்து மகளிரும் திருச்சுழிச் சீமை மகளிரும் ஒரே பணியைச் செய்தனர். இரவில் அழுத குழந்தைக்கு இருவரும் விழித்தனர். கூலி கருதாது அண்டை வீட்டார்க்கு இருவரும் மருந்து கொடுத்தனர். அவர்கள் குறிப்பேடுகள் இன்று நூலகப் பேழைகளில் உள்ளன. ஆய்வாளர் அவற்றைப் படிக்கின்றனர், பாராட்டுகின்றனர், பிழையும் காண்கின்றனர். நம்மவர் அறிவோ ஒவ்வொரு மூதாட்டியின் மறைவோடும் ஒவ்வோர் ஏடாக மறைகிறது. எழுதப்பட்டிருந்தால் அது மருத்துவர்க்கு ஆய்வுப்பொருளாகும், வழக்கில் சான்றாகும், தீயது களைந்து நல்லது பேணவும் வழியாகும்.

என் நன்னியின் பேறுகால மருந்து திரும்பி வாராது. உங்கள் வீட்டில் அதனை அறிந்தவர் இன்னும் இருப்பாராயின், இவ்விடுமுறையில் அவர் பக்கத்தில் சென்று அமருங்கள். அளவைக் கேளுங்கள்; எதை வறுப்பது, எதைப் பச்சையாக இடிப்பது என்று கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதிவையுங்கள்.